மனுவில் இல்லாத அக்கா

மொதல்ல விஷயத்தச் சொல்லிர்றேன். எங்க அக்காவ மீட்டுக் குடுங்கன்னு நான் ஒரு மனு குடுத்தேன். அந்த மனுவுல எங்க அக்காவே இல்ல. அது எனக்குத் தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவும் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதாலதான் தெரிஞ்சுச்சு. கத்துக்காம இருந்திருந்தா இன்னைக்கும் நிம்மதியாக் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

இப்படி எடுத்த எடுப்புல விஷயத்தச் சொல்றது எனக்குப் பெறவிப் பழக்கம் இல்ல. பின்னால கத்துக்கிட்டது. முன்னால இருந்த பழக்கத்தாலதான் இவ்வளவு கூத்தும் நடந்துச்சு.

நாங்க கரிமூட்டத்துல கெடந்தவுக. திருச்சுழியத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் சீமக்கருவேலங்காடுதான். அந்த மரத்த வெட்டி அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீய வச்சு, நாள்கணக்குல பொகைய விட்டு, வெந்ததும் மூட்டத்தப் பிரிச்சா கரி. சொல்றதுக்கு லேசாத்தான் இருக்கு. எங்க அப்பா வாங்குன முன்பணத்துக்காக நானும் அக்காவும் சின்னப் பிள்ளையில அங்க போனோம். கல்யாணம் ஆனதும் புருசன்மாரும் அங்கேயே வந்து சேந்தாக. எங்களக் கட்டுனவுக கடனையும் சேத்துல்ல கட்டுனாக. அக்கா புருசன் பாம்பு கடிச்சுச் செத்துட்டாரு. கடன் சாகல.

காட்ட விட்டு வெளிய போறதுக்கு உத்தரவு கெடையாது. அத்தன வருஷத்துல நான் அருப்புக்கோட்டைய மூணே தரம்தான் பாத்திருக்கேன். மூணு தரமும் ஆஸ்பத்திரி. அதனால அந்த ஊருன்னா டெட்டாலு வாடை அடிக்கும்னு ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மூட்டத்துல எதையாவது கேக்கணும்னா அதுக்கு ஒரு மொற இருக்கு. வேணுங்கிறத மொதல்ல கேக்கப்படாது. கையக் கட்டிக்கிட்டு, "அய்யா, எங்களுக்கு வீடு உண்டா வாசல் உண்டா, தலசாய்க்க ஒரு எடம் உண்டா, நாதியத்துக் கெடக்கோம்"னு ஆரம்பிக்கணும். அழுகணும். மொதலாளியோட ஆளு மூஞ்சியப் பாக்கணும். கொஞ்சம் எளகுனா மாதிரி தெரிஞ்சா, எல்லாம் முடிஞ்சு கடைசியில, "தலவலிக்கு ஒரு மாத்திரை"ன்னு இழுக்கணும். எடுத்த ஒடனே மாத்திரைன்னு கேட்டா, "என்னடி, அதிகாரமா?"ன்னு கருவக்கம்பு பேசும். எங்க அக்கா இந்த வித்தையில பெரிய கெட்டிக்காரி. காமணி நேரம் அழுதா ஒரு பாட்டில் எண்ணெய் வந்துரும். அவகிட்டப் பாத்துத்தான் நானும் கத்துக்கிட்டேன்.

ஒருநாளு ஜீப்பு வந்துச்சு. ஆபீசருக வந்தாக. மொதலாளியோட ஆளு மொத வேலையா நாங்க கைநாட்டு வச்ச காயிதத்தையெல்லாம் தூக்கித் தீயில போட்டான். அதப் பாத்துக்கிட்டே ஆபீசருக எங்க பேர எழுதுனாக. அங்க நின்னவுகளுக்கெல்லாம் விடுதல. அங்க நிக்காதவுகளுக்கு இல்ல. அக்கா அங்க நிக்கல. அதுக்கு எட்டு நாளைக்கு முன்னாலதான் அவள லாரியில ஏத்தி இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோயிருந்தாங்க. நான் ஜீப்பப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஒரு ஆபீசரு, "மனு குடும்மா, பாக்கலாம்"னாரு.

எங்களத் திருச்சுழிப் பக்கமா ஒரு பொறம்போக்குல கொண்டாந்து வச்சாக. லோடு ஏத்துற லாரிக்காரரு ஒருத்தரு, அக்கா எந்தக் கண்மாய்க்குப் பின்னால இருக்கான்னு சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரரு அவளக் கூட்டியாரக் கெளம்பிப் போனாக. காவலுக்கு நின்னவங்க அடிச்சதுல அவுகளுக்கு விலா எலும்புல அடி. சரி, இது மனு மூலமாத்தான் ஆகும்னு முடிவு பண்ணுனோம்.

ஜில்லா ஆபீஸ் வாசல்ல, புங்கமரத்தடியில, மடியில அட்டைய வச்சுக்கிட்டு மனு எழுதுறவரு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. "என்னம்மா கொறை?"ன்னு கேட்டாரு. நான் கையக் கட்டுனேன். "அய்யா, எங்களுக்கு வீடு உண்டா வாசல் உண்டா, தலசாய்க்க ஒரு எடம் உண்டா"ன்னு ஆரம்பிச்சேன். நல்லா அழுதேன். அக்கா கேட்டிருந்தா மெச்சியிருப்பா. அவரு தலைய ஆட்டி ஆட்டி எழுதுனாரு. எளகிட்டாருன்னு தெரிஞ்சதும் அக்கா சமாச்சாரத்துக்கு வந்தேன். அதுக்குள்ள அவரு மடிச்சுக் கையில குடுத்து, "இங்க ஒரு கைநாட்டு வை, அடுத்த ஆளு வா"ன்னுட்டாரு. மிச்சத்த அவருக்குப் பக்கத்துல நின்ன அடுத்த ஆளுதான் கேட்டுக்கிட்டாரு. பாவம், அவரு மாட்டுக் கொட்டகைக்கு வந்தவரு.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாக. அழுதுக்கிட்டே இருந்தா பால் யாருக்குப் போகுதுன்னு பாக்க முடியாதுங்கிறத யாரும் சொல்லித் தரல.

ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு. பழுப்புக் கவரு, சீலு, எல்லாம் மொறையா இருந்துச்சு. தபால்காரரக் கேட்டேன். கடைசி வரியப் பாத்துட்டு, "ஒன் மனு பரிசீலனையில இருக்காம்"னாரு. ரேசன் கடைக்காரரும் கடைசி வரியத்தான் பாத்தாரு. படிச்சவுக எல்லாரும் கடைசி வரியத்தான் பாப்பாகபோல. நான் அந்தக் காயிதத்தத் தகரப்பெட்டியில வச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுத்துத் தொட்டுக் கும்பிட்டேன்.

அப்புறம் சர்வேயரு வந்து சங்கிலி போட்டு அளந்தாரு. பட்டா குடுத்தாக. ஸ்கீம்ல வீடும் கட்டுனாக. காங்கிரீட்டு, ஒரு ரூமு, ஒரு அடுப்படி. எனக்குச் சந்தேகமே வரல. அக்கா வந்தா தங்குறதுக்கு எடம் வேணும்ல, மொதல்ல வீடு, அப்புறம் அக்கா, கெவருமெண்டு மொறையாத்தான் செய்யுதுன்னு நெனச்சேன். அக்கம்பக்கத்துலயும் அப்படித்தான் பெருமையாச் சொன்னேன்.

அந்தச் சமயத்துலதான் எங்களுக்கு முதியோர் வகுப்பு வந்துச்சு. முதியோர்னு சொன்னதுல எனக்குக் கோவம். எனக்கு அப்ப முப்பத்தஞ்சுகூட முடியல. மத்தியானம் சத்துணவு முடிஞ்சதும் அந்தக் கட்டடத்துலயே சாம்பார் வாடையோட வகுப்பு. பொம்பளைக எட்டுப் பேரு. ஆம்பளை ஒருத்தரு, அவரு ஃபேன் காத்துக்கு வந்தவரு. டீச்சரு பாளையம்பட்டியில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்ற சின்னப் பிள்ளை. நெசவு பாக்குற வீடு. வீட்டுல தெலுங்கு பேசுமாம், எங்ககிட்டத் தமிழு. நாங்க ஒரு பாஷைக்கே எழுத்து வராம முழிக்கோம், இந்தப் பிள்ளை ரெண்ட வச்சுக்கிட்டு சிரிச்ச மூஞ்சியா பஸ்ஸுல வருது.

மொத மாசத்துலயே ஒரு சண்டை. சாக்பீஸு தீந்துபோச்சு. டீச்சரு கெட்டிக்காரத்தனமா இஸ்திரிக் கடையில இருந்து கரித்துண்டு வாங்கியாந்து, ஆளுக்கு ஒண்ணு நீட்டி, "செவத்துல எழுதுங்கக்கா"ன்னுச்சு. நாங்க எட்டுப் பேரும் எந்திரிச்சு வெளிய போயிட்டோம். டீச்சருக்கு ஒண்ணும் புரியல. எங்கள்ல ஒருத்தி மட்டும் திரும்பி உள்ள போயி, ஒரு துண்ட எடுத்து ஒடைச்சுப் பாத்து, "வேகாத கரி. மூட்டத்த முந்தியே பிரிச்சிருக்கான் எவனோ"ன்னு சொல்லிட்டு வந்தா. மறுநாளு டீச்சரு தன் காசுல ஒரு பெட்டி சாக்பீஸு கொண்டாந்துச்சு. கலர் சாக்பீஸு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்காக நாங்க எதுவும் செய்வோம்னு ஆகிப்போச்சு. எழுத்து மட்டும் வரல.

எழுத்து வர்றதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. புஸ்தகத்துல 'அக்கா'ன்னு போட்டு ஒரு பொம்பளைப் படம் இருக்கும். பூ வச்சு, குண்டா, செவப்பா, சிரிச்சுக்கிட்டு. "எங்க அக்கா இப்படி இல்ல"ன்னேன். "படம் சும்மாக்கா, எழுத்தப் பாருங்க"ன்னுச்சு டீச்சரு. நான் எழுத்தத்தான் பாத்தேன். அந்தப் பக்கத்த மட்டும் மூணு நாளு படிச்சேன்.

கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதும் நாங்க எட்டுப் பேரும் ஒரு சபதம் எடுத்தோம், இனிமே செத்தாலும் கைநாட்டு வைக்கிறதில்லன்னு. அந்த வாரமே ரேசன் கடைக்குப் போனா, மெஷின்ல பெருவெரல வைங்கிறான். "நான் கையெழுத்துப் போடுவேன்"னேன். "மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா"ன்னான். கோடிப் பேருக்கு அரிசி போடுற மெஷினுக்கு எழுத்துத் தெரியாது. சரின்னு வச்சா, எங்க யாரு வெரலையும் அது ஒத்துக்கல. கரி அள்ளி அள்ளி ரேகை தேஞ்சுபோச்சு. கைநாட்டும் இல்ல, கையெழுத்தும் செல்லாது. அன்னைக்கு அவன் திட்டிக்கிட்டே நோட்டுல எழுதி அரிசி போட்டான்.

படிச்சுப் பழகுங்கன்னு டீச்சரு சொல்லும். வீட்டுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு? தகரப்பெட்டியில நாலு காயிதம் இருந்துச்சு. ஒருநாளு மத்தியானம் சாமி மாதிரி வச்சிருந்த அந்தப் பதில எடுத்தேன். எழுத்துக் கூட்டி மேல இருந்து படிச்சேன். நான் புதுசாப் படிச்சவ, கடைசி வரிக்குத் தாவத் தெரியாது. 'பொருள்'னு போட்டு எதிர்த்தாப்புல, 'இலவச வீட்டுமனைப் பட்டா கோருதல்'னு இருந்துச்சு. சரியாப் படிக்கலையோன்னு மறுபடியும் படிச்சேன். தண்ணி குடிச்சிட்டு வந்து படிச்சேன். எத்தன தரம் படிச்சாலும் வீடுதான் வந்துச்சு.

ரெண்டு வருஷமா அவ ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் அவளுக்காகன்னு நெனச்சு எனக்கு வீடு கேட்டு வாங்கி, அதுக்கு வெள்ளை அடிச்சு, வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன். அந்தச் செவத்துலேயே மண்டைய முட்டிக்கிடலாம்னு இருந்துச்சு. முட்டல. திங்கக்கிழமை பஸ்ஸேறிப் போயிட்டேன்.

மனு எழுதுறவரு அதே புங்கமரத்தடியிலதான் இருந்தாரு. காயிதத்த அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டி, "ஏய்யா, நீரெல்லாம் சோத்தத்தான் திங்கிறீரா?"ன்னு கேட்டேன். அவரு கண்ணாடியப் போட்டுப் படிச்சிட்டு, "வீடு வாசல் இல்லன்னு நீதானம்மா அழுத. அதத்தானே எழுதுனேன். வீடு வந்துச்சா?"ன்னாரு. வந்துச்சுன்னேன். "அப்புறம் என்ன?"ன்னாரு. அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர அடிக்கிறதுக்கு ஒரு காரணமாவது குடுத்திருக்கலாம்.

"ஒரு தாளும் பேனாவும் குடும்"னு வாங்கிக்கிட்டுப் படியில உக்காந்தேன். என் கை என்னமோ பழைய பாட்டத்தான் எழுதப் பாத்துச்சு. ஆனா எழுதுறது எனக்கு மலையேறுற மாதிரி. ஒரு வரிக்கு காமணி நேரம் ஆகும். இந்த லட்சணத்துல நாதியத்துக் கெடக்கோம்னு எழுதி, அப்புறம் காலடியில விழுந்து, அப்புறம் அக்காவுக்கு வர்றதுக்குள்ள ஆபீஸ் பூட்டிருவாங்க. அதனால நேரா எழுதுனேன். இதுதான் எழுதுனது:

"என் அக்கா கரிமூட்டத்தில் இருக்கிறாள். விட மாட்டேன் என்கிறார்கள். இடம் எனக்குத் தெரியும். வண்டி எடுத்து வாருங்கள், காட்டுகிறேன்."

அக்கா பேரு, என் பேரு, கையெழுத்து. மனு எழுதுறவரு எட்டிப் பாத்துட்டு, மேல யாருக்குன்னு போடச் சொன்னாரு. "வணக்கம்கூட இல்லையேம்மா"ன்னாரு. "அவ வந்தப்புறம் வணக்கம் சொல்லிக்கிறேன்"னேன். ஜெராக்ஸு எடுத்து வச்சுக்கன்னு அவருதான் சொன்னாரு. தாளுக்கும் பேனாவுக்கும் அவரு காசு கேக்கல.

மூணாவது வாரம் ஜீப்பு வந்துச்சு. நான் முன்சீட்டுல உக்காந்தேன். கண்மாய்க் கரைக்குப் போனதும் காட்டுக்குள்ள நாலஞ்சு எடத்துல பொகை தெரிஞ்சுச்சு. ஆபீசரு எதுன்னு கேட்டாரு. வெள்ளைப் பொகைன்னா மரம் இன்னும் பச்சையா வேகுது, பக்கத்துல ஒரு ஆளு காவல் இருந்தாப் போதும். நீலமா, மெலிசாப் போனா கரி வெந்துருச்சு, பிரிக்கிறதுக்கு மொத்த ஆளும் அங்க நிக்கும். நீலப் பொகையக் காட்டி, "அங்க போங்க சார்"னேன். எப்படித் தெரியும்னாரு. "நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன்"னேன்.

அக்கா அங்க நின்னா. பாதி ஆளா இருந்தா. என்னையப் பாத்தா, ஜீப்பப் பாத்தா, திரும்பி மூட்டத்தப் பாத்து, "பிரிக்காமப் போனா சாம்பலாப் போயிருமேடி"ன்னா. அதுதான் அவ பேசுன மொதப் பேச்சு. ரெண்டாவது பேச்சு ஜீப்புக்குள்ள வந்து. "ஏன்டி இவ்வளவு நாளு?"

"அன்னைக்கே மனு குடுத்துட்டேன்க்கா. கெவருமெண்டுல லேட்டாக்கிட்டாங்க"ன்னேன். உண்மையச் சொல்ல வாய் வரல. பாதி உண்மைதானேன்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். வீட்டப் பாத்தவ, "ஒனக்கு யாருடி குடுத்தா?"ன்னு கேட்டா. "எல்லாருக்கும் குடுத்தாக"ன்னேன்.

பத்தே நாள்ல அக்கா வகுப்புக்கு வர ஆரம்பிச்சிட்டா. அவள நான் கூப்பிடல. கூப்பிடுவேனா? அவளா வந்து உக்காந்தா. ஆபீசரு குடுத்த தன்னோட விடுதலைக் காயிதத்தத் தானே படிக்கணுமாம். எனக்கு ஒரு வருஷம் ஆனது அவளுக்கு அஞ்சே மாசம். அவ ஒவ்வொரு எழுத்தாக் கத்துக்க, எனக்கு ஒவ்வொரு நாளும் சோறு எறங்கல. அவ 'வ' படிச்சா வீட்டுமனைன்னு எனக்குப் பதறும். 'ப' படிச்சா பட்டா ஞாபகம் வரும். கூடப் பொறந்தவ படிக்கிறாளேன்னு பயந்த சிறுக்கி இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

"அந்தக் காயிதத்தக் கொளுத்திரு"ன்னாக எங்க வீட்டுக்காரரு. அடுப்பு பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா மொத ஜீப்பு வந்த அன்னைக்கு எங்க காயிதத்த மொதலாளியோட ஆளு தீயில போட்டான்ல, அந்தப் பொகை எங்க மூஞ்சியிலதான் அடிச்சுச்சு. நான் காயிதம் கொளுத்துறவ இல்லன்னு சொல்லிட்டேன். பெட்டிக்கு அடியில மட்டும் வச்சேன்.

அடியில வச்சா என்ன? அக்கா ஒரு மத்தியானம் பெட்டியவே எடுத்து நடுவீட்டுல வச்சுக்கிட்டா. விடுதலைக் காயிதத்தப் படிச்சா. அவ பேரு வந்த எடத்துல ரெண்டு தரம் படிச்சா. அப்புறம் அடுத்த காயிதம், அடுத்த காயிதம்னு எறங்குனா. நான் அரிசி பொடைக்கிற மாதிரி பொடைச்சுக்கிட்டே இருந்தேன். மொறத்துல அரிசி இல்ல. வெரல வச்சு எழுத்துக் கூட்டி, பழுப்புக் கவருக்குள்ள இருந்தத மொத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படிச்சா.

"இதுல எம் பேரு இல்லையே"ன்னா.

"இல்ல"ன்னேன்.

அடுத்தாப்புல இருந்தது என் நாலு வரி மனுவோட ஜெராக்ஸு. அதையும் படிச்சா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா. கொடத்த எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்குப் போனா. ஒரு கொடம் கொண்டாந்தா. இன்னொண்ணு. மூணாவது கொடத்தையும் எறக்கிட்டு, முந்தானையில மூஞ்சியத் தொடச்சா. நான் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அக்கா, ஒன்ன மாதிரியேதான்க்கா அழுதேன், ஒன் பேருக்கு வர்றதுக்குள்ள அந்த ஆளு மடிச்சிட்டான்க்கா.

"எங்க ஆரம்பிச்ச?"ன்னு கேட்டா.

"வீடு உண்டா வாசல் உண்டா."

"நானா இருந்தாலும் அங்கதான்டி ஆரம்பிச்சிருப்பேன்"னா. கொஞ்ச நேரம் வீட்டச் சுத்திப் பாத்தா. "கேட்டதுதான் கேட்ட. ரெண்டு ரூமாக் கேட்டிருக்கப்படாதா, கூறுகெட்டவளே."

அப்புறம் என் நோட்டுல இருந்து ஒரு தாளக் கிழிச்சு, தரையில குப்புறப் படுத்துக்கிட்டு எழுதுனா. எவ்வளவு நேரம் எழுதுனாளோ, நான் அடுப்புல வச்ச உலை கொதிச்சு அடங்கிப்போச்சு. ஆபீஸுக்குன்னு அவ எழுதுன மொத மனு. ரெண்டே வரி. வணக்கம் இல்ல, அழுகை இல்ல, காலு கையி ஒண்ணும் பிடிக்கல. என்கிட்ட நீட்டி, சரியா இருக்கான்னு பாக்கச் சொன்னா.

"எனக்கு ஒரு வீடு வேண்டும். என் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும்."

சரியாத்தான் இருக்குன்னேன்.